மதர்போர்டு: பிராண்டைப் பார்ப்பதா, மாடலைப் பார்ப்பதா?

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவில் எந்தக் கணினிக் கடையின் முன்னால் நின்றாலும் ஐந்து நிமிடத்தில் இந்தக் கேள்வி காதில் விழும்: “பாஸ், ஆசூஸ் நல்லதா, எம்.எஸ்.ஐ. நல்லதா?” கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டைப் பற்றிய கேள்வி அது. கேட்கிறவருக்கு ஒரே சொல்லில் பதில் வேண்டும். கடைப் பையனும் சளைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுவான். பெரும்பாலும் அன்றைக்கு ஸ்டாக்கில் அதிகமாகக் கிடப்பது எதுவோ அது. எந்த பிராண்டு உழைக்கும் என்று கேட்பதில் தப்பில்லை, ஆனால் அதை மூன்றாவதாகக் கேட்டால் போதும். எந்த மாடல் என்பது முதல் கேள்வி. கெட்டுப்போனால் கோலாலம்பூரில் யார் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது இரண்டாவது.

செந்தூலில் டியூஷன் சென்டர் நடத்தும் என் அக்காவுக்கு ஒரு கணினி தேவைப்படுகிறது. வருகைப் பதிவு, வினாத்தாள் அச்சடிப்பு, கட்டண ரசீது, அவ்வளவுதான் வேலை. அவருடைய மகன், என் மருமகன், கேமிங்குக்கும் பிளெண்டர் என்ற மென்பொருளில் 3டி வேலைக்கும் சேர்த்து ஒன்று கேட்கிறான். அக்காவின் போர்டுக்கு நானூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்), மருமகனுடையதற்கு எழுநூறு, எழுநூற்றைம்பது வரை போகலாம் என்று பேச்சு. பட்டியலில் இருப்பவை வழக்கமான நான்கு: ஆசூஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட், அஸ்ராக். நான்குமே தைவான் நிறுவனங்கள். எம்.எஸ்.ஐ.யும் கிகாபைட்டும் 1986இல் தொடங்கியவை, ஆசூஸ் 1989. அஸ்ராக் 2002இல் ஆசூஸிலிருந்தே பிரிந்து வந்தது. இன்னும் சில பெரியவர்கள் “இன்டெல் ஒரிஜினல் போர்டு இருக்கா?” என்று கேட்பதுண்டு. பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல் 1972 முதல் தொழிற்சாலை நடத்துவதால் நம் ஆட்களுக்கு அந்தப் பெயர் மீது ஒரு சொந்தம். ஆனால் மேசைக் கணினி மதர்போர்டுத் தொழிலை விடப்போவதாக இன்டெல் 2013லேயே அறிவித்துவிட்டது. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

நான்கில் கறை படாதது எது என்று தேடினால் ஒன்றும் தேறாது. ஆசூஸையே எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் அதன் ஆர்.ஓ.ஜி. என்ற கேமிங் வரிசையின் மேக்சிமஸ் இசட்690 ஹீரோ போர்டுகளில் மெமரி ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் புகை கிளம்பியது. காரணம், மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் ஒரு கெப்பாசிட்டரைத் தலைகீழாகப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 10,000 போர்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மலிவுப் போர்டு அல்ல அது, விலைப் பட்டியலின் மேல் தட்டில் இருந்தது. அதற்கடுத்து 2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 எக்ஸ்3டி சில்லுகள் (புராசசர்கள்), அவற்றைப் பொருத்தும் சாக்கெட்டோடு கருகின. மெமரியை வேகமாக ஓட்டுவதற்காக சில்லின் மெமரிப் பகுதிக்குப் போகும் எஸ்.ஓ.சி. மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியதுதான் வினை. ஏ.எம்.டி. அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டது. பிரச்சினை பல பிராண்டுகளிலும் இருந்தாலும் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஆசூஸ். திருத்தம் என்று வெளியிட்ட பீட்டா (சோதனை) பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டின் உள் மென்பொருளை, போட்டாலே வாரண்டி போய்விடும் என்பதுபோல ஒரு வாசகத்தையும் அதே பக்கத்தில் வைத்திருந்தார்கள். கூச்சல் பெருத்த பிறகு, வாரண்டி உண்டு என்று அறிக்கை விட்டார்கள்.

மற்றவர்கள் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. 2023இல் எம்.எஸ்.ஐ.யின் கணினிகளுக்குள் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் கும்பல் புகுந்து, பயாஸ் கோப்புகளுக்குக் கையொப்பமிடும் ரகசியச் சாவிகள் வரை வெளியே சிதறின. அதே ஆண்டு, கிகாபைட் போர்டுகளின் பயாஸுக்குள் இருக்கும் அப்டேட் கருவி பாதுகாப்பில்லாத வழியில் இணையத்திலிருந்து கோப்புகளை இறக்குகிறது என்று எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. நூற்றுக்கணக்கான மாடல்களில் அது இருந்தது. 2025இல் அஸ்ராக்கின் முறை. ரைசன் 7 9800எக்ஸ்3டி சில்லுகள் செத்துப்போன புகார்களில் பெரும்பகுதி அஸ்ராக் போர்டுகளில் நடந்ததாக வந்தது. அவர்களும் முந்தைய பயாஸின் மின்சார அமைப்புகளை மாற்றி, அடுத்தடுத்துப் புதுப் பதிப்புகளை வெளியிட்டார்கள்.

இன்னொரு வகைப் பழுதும் இருக்கிறது. அது எல்லா பிராண்டையும் ஒரே நாளில் பிடிக்கும். 2011 ஜனவரியில் இன்டெல்லின் 6 வரிசை சிப்செட்டில் (போர்டின் துணைச் சில்லு) டிஸ்க்குகளைச் செருகும் சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் பலவீனமாகும் குறை தெரிந்தது. எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் அந்தத் தலைமுறைப் போர்டுகள் எல்லாமே கடையிலிருந்து இறங்கின. 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகள் நிலைதடுமாறியபோது முதலில் மதர்போர்டு நிறுவனங்களைத்தான் திட்டினார்கள். அவர்கள் வைத்த தாராளமான மின் அமைப்புகள் மீதும் பழி இருந்தது உண்மைதான். கடைசியில் ஆணிவேர் சில்லுக்குள்ளேயே என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோடு (சில்லின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தச் சில மாதங்களில் “இந்த பிராண்டு போர்டு சரியில்லை” என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

எண்கள் கேட்பவர்களுக்கு: பிரான்சில் ஹார்ட்வேர்.எஃப்ஆர் என்ற தளம், ஒரு பெரிய இணையக் கடைக்குத் திரும்பி வந்த பொருள்களின் விகிதத்தைப் பல ஆண்டுகள் வெளியிட்டு வந்தது. மதர்போர்டுப் பகுதியில் பெரிய பிராண்டுகளுக்கு இடையே இடைவெளி சிறியது. முதலிடமும் நிலையாக ஒருவரிடம் இருந்ததில்லை. ஆனால் அதே பட்டியலில் தனி மாடல்களைப் பார்த்தால், பிராண்டின் சராசரியைப்போலச் சில மடங்கு திரும்பி வந்தவை இருக்கும். நான் பிராண்டைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு இதுதான் காரணம்.

மாடல் என்றால் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு எம்.எஸ்.ஐ.யின் கதை நல்ல உதாரணம். 2018இல் வந்த அவர்களுடைய பி450 டோமஹாக், விலைக்கு மீறிய போர்டு என்று பெயர் வாங்கியது. சில்லுக்கு மின்சாரம் ஊட்டும் வி.ஆர்.எம். பகுதி உறுதியாக இருந்தது. மறு ஆண்டே அதே நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்570 கேமிங் எட்ஜ் அதைவிட விலை கூடியது. சோதித்தவர்கள் பலரும் அதன் வி.ஆர்.எம். கொதிக்கிறது என்றார்கள். 2020இல் எக்ஸ்570 டோமஹாக்கைக் கொண்டுவந்துதான் எம்.எஸ்.ஐ. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அஸ்ராக்கில் இன்னும் வேடிக்கை. பி660எம்-எச்.டி.வி. என்ற போர்டில் பெரிய இன்டெல் சில்லைப் போட்டால் மூச்சுத் திணறும். பி650எம்-எச்.டி.வி./எம்.2 என்ற போர்டோ, ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட் மலிவுப் பிரிவில் அடித்துச் சொல்லக்கூடிய வி.ஆர்.எம். கொண்டது. பெயரின் வால் ஒன்றுதான், தரம் மேலும் கீழும்.

உள்ளே இருக்கும் சாமான்களும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஒலிக்கு ரியல்டெக், மின்சாரத்துக்கு இன்ஃபினியான், ரெனெசாஸ், எம்.பி.எஸ். என்று நான்கு பேரும் ஒரே வாசலில்தான் வாங்குகிறார்கள். இன்ஃபினியானுக்குக் கெடா கூலிமில் பெரிய தொழிற்சாலை உண்டு. தைபேயில் வடிவமைத்த போர்டில் நம் வடக்கில் செய்த சில்லு உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெட்டியில் ‘12கே கெப்பாசிட்டர்’ (12,000 மணி நேரம் தாங்குமாம்) என்று தங்க எழுத்தில் போட்டிருப்பதற்கும் மயங்க வேண்டாம். இப்போதெல்லாம் வருவது பாலிமர் கெப்பாசிட்டர். 105 டிகிரியில் 5,000 மணி நேரம் தாங்கும் ஒன்று, 85 டிகிரியில் அதைப்போலப் பத்து மடங்கு, அதாவது 50,000 மணி நேரம் தாங்கும். அணைக்காமல் ஓட்டினாலே ஐந்தரை ஆண்டுக்கு மேல். அக்காவின் கணினி அந்தச் சூட்டைக் கனவில்கூடப் பார்க்காது.

நம் ஊரில் போர்டைக் கொல்வது வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 180 நாளுக்கு மேல் இடி இடிக்கும். மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்தால் மூன்று முள் பிளக்கைப் பிடுங்குவது எல்லாருக்கும் தெரியும். இணைய ரூட்டரிலிருந்து வரும் லேன் கேபிளைப் பிடுங்க யாருக்கும் தோன்றுவதில்லை. ரூட்டரின் அடாப்டர் வழியாக ஏறும் அதிர்ச்சி, கேபிள் வழியாக வந்து முதலில் லேன் போர்ட்டைச் சாகடிக்கும், பிறகு மிச்சத்தை. இடி விழுந்ததற்கு எந்த பிராண்டும் வாரண்டி தராது. அப்புறம் ஈரப்பதம், எறும்பு, பல்லி. தாமான் வீட்டில் தரையில் வைத்த ஒரு கேஸைத் திறந்தபோது, போர்டின் பின்பக்கம் காய்ந்து தகடாகிப்போன பல்லிக்குஞ்சு ஒன்று ஒட்டிக்கிடந்தது. அது உடல் வைத்திருந்த இடத்தில் இரண்டு சால்டர் புள்ளிகள் பச்சை பூத்திருந்தன. கணினியின் சொந்தக்காரர் அதுவரை பிராண்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். கேஸின் பின்னால் காலியாக இருக்கும் பி.சி.ஐ. துளைகளுக்கு மூடி போடுங்கள். அதற்கு ஐந்து வெள்ளிகூட ஆகாது.

செத்துப்போனதாகத் திரும்பி வரும் புதுப் போர்டுகளில் பல உண்மையில் சாகவே இல்லை என்பது என் கணிப்பு. ஏ.எம்.5இல் டி.டி.ஆர்.5 மெமரி போட்டு முதல் தடவை இயக்கினால், மெமரியைப் பழக்கிக்கொள்ளப் போர்டு சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திரை இருட்டாகவே இருக்கும். அதற்குள் பொறுமை இழந்து, அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்து, “டெட் போர்டு” என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு தே தாரிக் ஆற்றிக் குடிக்கும் நேரம் காத்திருந்தால் போதும்.

சரி, வாரண்டிக்கு வருவோம். பிராண்டுகளுக்கு இடையே நிஜமான வித்தியாசம் தெரியும் இடம் இதுதான், அதுவும் பிராண்டைவிட அதன் உள்ளூர் விநியோகஸ்தரைப் பொறுத்தது. மலேசியாவில் போர்டுகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு வாரண்டி. பெட்டியிலும் போர்டிலும் விநியோகஸ்தரின் சிறிய ஸ்டிக்கர் இருக்கும். அதுதான் உயிர்நாடி. ஷோப்பியில், லசாடாவில் ஐம்பது, அறுபது வெள்ளி குறைவாகக் கிடைக்கும் போர்டு அந்த ஸ்டிக்கர் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து நேராக வந்ததாக இருக்கலாம். கேட்டால் “செல்லர் வாரண்டி” என்பார்கள். அந்தக் கணக்கு ஒரு வருடம் கழித்துக் கடைப் பக்கத்தில் இருக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். இன்னொரு வகை, பழைய சர்வர் சிப்செட்டை உரித்தெடுத்துப் புதுப் பலகையில் ஒட்டி விற்கும் எக்ஸ்79, எக்ஸ்99 போர்டுகள். மலிவு என்று வாங்குபவர் வாங்கட்டும், டியூஷன் சென்டருக்கு நான் தொடமாட்டேன்.

தெரிந்தவர் ஒருவருடைய போர்டுக்காக ஒரு விநியோகஸ்தர் அலுவலகத்துக்கு அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, “சாக்கெட் பின் வளைந்திருக்கிறது, வாரண்டி கிடையாது” என்று ஒரு புகைப்படத்தை அனுப்பினார்கள். வளைந்தது நம் கையிலா, அவர்கள் கையிலா என்று நிரூபிக்க வழியில்லை. அதிலிருந்து கவுண்டரிலேயே ஒரு வேலை செய்வது வழக்கமாகிவிட்டது. பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை எடுக்கச் சொல்வேன். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஆயிரத்து எழுநூறு பின்களின் நுனியும் வரிசை வரிசையாக மின்னும். ஒன்று சாய்ந்திருந்தாலும் நட்ட நாற்றில் ஒன்று படுத்துவிட்டதுபோல அந்த வரிசை உடைந்து தெரியும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஸ்டிக்கரும் சீரியல் எண்ணும் தெரிய ஒன்று எனப் படம் எடுத்துக்கொள்வேன். ரசீதையும் சேர்த்துத்தான், ஏனென்றால் நம் வெயிலில் அந்தத் தாளின் எழுத்து ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். கடைப் பையன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

கடையில் வாங்கினால் முதல் ஏழு நாளுக்குள் பழுதென்றால் ஒன்றுக்கு ஒன்று மாற்றித் தருவது பல கடைகளின் வழக்கம். வாங்கும் முன் கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் போனால் விநியோகஸ்தர், இரண்டு வாரமோ நான்கு வாரமோ. நியாயமில்லாமல் இழுத்தடித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். வாரண்டி முடிந்த போர்டு என்றால் பூடு, ஜாலான் பாசார் பக்கம் சாமான் வாங்கி மாற்றித் தரும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். லேன் சிப், மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறிய மாஸ்ஃபெட் போன்றவற்றுக்கு முயன்று பார்க்கலாம், சாக்கெட் போனால் முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு சுபாவம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஆசூஸின் பயாஸ் பார்க்கவும் பழகவும் எளிது, ஃபேன் கட்டுப்பாடு அருமை. அதே சாமானுக்கு நூறு, நூற்றைம்பது வெள்ளி கூடக் கேட்கும். அதன் வாரண்டிச் சேவையை 2024இல் கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற யூடியூப் சேனல் துவைத்துக் காயப்போட்டது அமெரிக்கச் சங்கதி, இங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கிகாபைட்டில் நான் பார்ப்பது போர்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் ‘ரெவ்’ எண். 1.0, 1.1, 1.2 என்று மாறும்போது உள்ளே சில சாமான்களும் மாறும், பயாஸும் தனித்தனி. இணையத்தில் புகழ்ந்த போர்டும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று அந்த எண்ணைப் பார்த்துதான் சொல்ல முடியும். எம்.எஸ்.ஐ.யில் புரோ, மேக் என்ற இரண்டு வரிசைகளோடு நிறுத்திக்கொண்டால் காசுக்கு நட்டமில்லை. அஸ்ராக் கொடுக்கும் காசுக்கு அதிகம் தரும், ஆனால் பயாஸ் புதுப்பிப்பில் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்காவுக்கு நான் முடிவு செய்தது எச்610 (இன்டெல்லின் மலிவு சிப்செட்) வகையில் ஒன்று. எம்.எஸ்.ஐ. புரோவோ கிகாபைட்டோ, உள்ளூர் ஸ்டிக்கரோடு எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. கோர் ஐ3 சில்லு, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அந்தச் சில்லுக்கு எந்த எச்610 போர்டின் வி.ஆர்.எம்.மும் போதும், இங்கே ஆசூஸுக்குக் கூடக் கொடுப்பது பெயருக்குக் கொடுப்பது. மிச்சமாகும் காசில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஒரு யூ.பி.எஸ். வாங்கிவிடலாம், ரூட்டரையும் அதிலேயே செருகச் சொல்லியிருக்கிறேன்.

மருமகனுக்குக் கொஞ்சம் யோசித்தேன். அவன் கேட்பது எக்ஸ்3டி சில்லு. சாதாரண ரைசன் 5 என்றால் கண்ணை மூடிக்கொண்டு அஸ்ராக் பி650எம்-எச்.டி.வி./எம்.2 வாங்கி, மிச்சத்தை மெமரிக்குப் போட்டிருப்பேன். எக்ஸ்3டி என்பதால் 2025இல் நடந்தது இன்னும் மனதில் நிற்கிறது. திருத்தம் வந்துவிட்டதுதான், இருந்தாலும் இன்னும் ஒரு வருடம் போகட்டும். மிஞ்சியது எம்.எஸ்.ஐ. புரோ பி650எம்-ஏ, கிகாபைட் பி650எம் ஆரஸ் எலீட், ஆசூஸ் டஃப் பி650எம்-பிளஸ். மூன்றின் வி.ஆர்.எம்.மும் அந்தச் சில்லுக்குத் தாராளம். எம்.எஸ்.ஐ.யைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் விலையும், பின்னால் இருக்கும் பயாஸ் ஃப்ளாஷ் பொத்தானும்தான். கடை அலமாரியில் நாளாகக் கிடந்த போர்டு புதுச் சில்லை அடையாளம் காணாமல் நின்றால், பென்டிரைவ் ஒன்றைச் செருகி அந்தப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது, இல்லையென்றால் லோ யாட்டுக்கு இன்னொரு நடை. கிகாபைட் அதே விலைக்கு இறங்கினால் அதுவும் சம்மதமே.

மருமகனுக்கு இதில் திருப்தியில்லை. ஆர்.ஓ.ஜி. முத்திரை கண்ணாடி வழியாக ஒளிர வேண்டுமாம். விலை வித்தியாசத்தில் ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் அம்மா எஸ்.எஸ்.டி. பக்கம் சாய்ந்துவிட்டார்.